குளிர்ந்த கை

சாயங்காலம் சைரன் ஊதியதும் உப்பளத்துப் பெண்கள் நேராக வீட்டுக்குப் போகமாட்டார்கள். பிள்ளைகள் கூடத்து வாசலுக்குத்தான் வருவார்கள். கணுக்காலில் உப்புப் பூத்திருக்கும். தோளில் மடித்துப் போட்டிருந்த ஸ்வெட்டரை வாசலிலேயே நின்று மாட்டிக்கொள்வார்கள். உள்ளே குளிர்சாதனம் முப்பத்திரண்டு டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க வெளியே நின்று உப்பு வாரியவர்களுக்கு அது பல் கிட்டுகிற குளிர். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எப்சிபாவின் முன்னால் வந்து நிற்பாள். எப்சிபா தன் புறங்கையைப் பிள்ளையின் நெற்றியில் வைப்பாள், பிறகு கழுத்தில், பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றில். "ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போ" என்று அவள் சொன்ன பிறகுதான் அந்தத் தாய்க்கு அன்றைய பொழுது முடிந்ததாக அர்த்தம்.

அந்தக் குடியிருப்பில் கைகளுக்குப் பஞ்சமில்லை. உப்பு வாரும் பலகையைப் பிடித்துக் காய்த்துப்போன கைகள் வீட்டுக்கு வீடு இருந்தன. ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா இல்லையா என்று தொட்டுச் சொல்லக்கூடிய கை எப்சிபாவுடையது மட்டும்தான். மற்ற பெரியவர்கள் எல்லோருடைய கைகளும் நாற்பத்தொரு டிகிரியில் இருந்தன.

இதை நம்பச் சிரமப்படுகிறவர்கள் தூத்துக்குடிக்குத் தெற்கே அந்தக் கடலோர அளங்களின் கோடையைப் பார்த்திருக்க வேண்டும். வெயில் அங்கே புதிதல்ல. வெயில் இல்லாவிட்டால் உப்பே கிடையாது. புதிதாக வந்தது புழுக்கம். கடல் சூடாகி, காற்று ஈரத்தால் கனத்து, வேர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கத் தொடங்கியது. வாட்டசாட்டமான ஆட்கள் நிழலில் உட்கார்ந்தபடியே செத்தார்கள். கையில் தண்ணீர் இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது, இருந்தும் செத்தார்கள். அளத்தை நடத்திய கம்பெனி உப்பை விடுவதாக இல்லை. முதலில் இயந்திரங்களை இறக்கிப் பார்த்தார்கள். அவை உப்பில் அரித்துப்போய் நின்றுவிட்டன. மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் அரித்துப்போவதில்லை. ஆகவே மனிதர்களை மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

அதை விளக்குவதற்காக டாக்டர் கார்த்தியாயினி வந்தார். மதுரைக்காரர், நல்ல மனுஷி, கம்பெனிச் சம்பளம். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் எல்லோரையும் உட்காரவைத்து, கையில் ஒரு டம்ளர் காபியுடன் பேச ஆரம்பித்தார்.

"இந்தக் காபி எப்படி ஆறுது, சொல்லுங்க."

"காத்துல ஆறுது" என்றான் முன்வரிசையில் இருந்த சந்தியாகு. யார் பேசினாலும் குறுக்கே கேட்காமல் விடாத ஆள். அவன் மனைவி மரியதங்கம் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மறுகையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"காத்து காபியைவிடக் குளிர்ந்திருக்கு, அதனால ஆறுது. சூடு எப்பவும் சூடான இடத்துலேர்ந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். தானா திரும்பி வராது. உங்க உடம்புக்குள்ளயும் எப்பவும் ஒரு அடுப்பு எரியுது. அந்தச் சூடு வெளிய போயாகணும். உடம்பு முப்பத்தேழு டிகிரி. வேர்வையும் காயலை, வெளியவும் முப்பத்தொன்பதுன்னா, சூடு போக வழியே இல்லை. உள்ளயே தங்கி ஆளைக் கொன்னுடும்."

"அதத்தான் தெனமும் பாக்கோமே டாக்டரம்மா. வெளியச் சூட்டக் குறைக்க வழி உண்டுமா, அதச் சொல்லுங்க."

"அது யாராலயும் முடியாது. அதனாலதான் உங்களை ஏத்தப் போறோம்."

மூளைக்குள் உடம்புச் சூட்டை நிதானப்படுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ஊசி அதை முப்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்றுக்குத் திருகி வைக்கும். அந்தச் சூட்டில் சதையும் ரத்தமும் கெட்டுப்போகாமல் இருக்க இன்னொரு ஊசி. அதன்பிறகு வெளியே நாற்பது இருந்தாலும் உடம்பு காபியைப்போல ஆறிக்கொண்டே இருக்கும். ஏற்றினால் இறக்க முடியாது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். வேலை வேண்டாம் என்கிறவர்கள் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு போகலாம் என்பதை அவருக்குப் பக்கத்தில் நின்ற கம்பெனி அதிகாரி சொன்னார்.

"சரி" என்றான் சந்தியாகு. "வெளிய நாப்பத்தொண்ணு ஆயிட்டா?"

டாக்டர் காபியை ஒரு வாய் குடித்தார். "அப்போ பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சந்தியாகுவும் சிரித்துவிட்டான்.

ஊசி வேலை செய்தது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் கோடையில் அளத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்தது. விடிகாலையில் முப்பத்துமூன்று டிகிரிக் காற்றடித்தால் ஊசி போட்டு ஏறினவர்கள் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தால்தான் தொண்டைக்கு இதமாக இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஏறியதால் அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் தொடுவதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கேலியும் கிண்டலுமாகச் சில மாதங்கள் போயின.

விலை பிள்ளைகள் பக்கத்திலிருந்து வந்தது. வளருகிற மூளை தாங்காது என்று சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி போடவில்லை. பகலெல்லாம் அவர்கள் குளிரூட்டிய கூடத்துக்குள் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்து காற்று இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். ஆறு வயதானதும் மலைப்பக்கத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும். இதெல்லாம் கிட்டங்கியில் சொன்னதுதான். தாயின் மடி பிள்ளைக்குச் சுடும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே புழுங்குகிற வீட்டுக்குள் நாற்பத்தொரு டிகிரியில் ஒரு உடம்பு அணைத்தால் எந்தப் பிள்ளை தாங்கும்? தூக்கினால் வழுக்கிக்கொண்டு இறங்கின. பக்கத்தில் படுத்தால் உருண்டு சுவரோரம் போயின. மரியதங்கத்தின் கைக்குழந்தை ஊசிக்கு மறுவாரமே மார்பைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் கட்டி, வலியில் அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுததைப் பக்கத்து வீடுகள் கேட்டன.

அந்தக் குழந்தையின் பெயர் பனிமயம். பனியையே கண்ணால் பார்த்திராத ஊரில் பனிமய மாதா கோயில் கொண்டிருப்பதால் அங்கே அப்படிப் பெயர் வைப்பார்கள். அதுதான் குடியிருப்பின் கடைசிக் குழந்தையும். ஊசிக்குப் பிறகு எவளுக்கும் கரு தங்கவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலைச் சொன்னவனுக்கு நாக்கு எப்படி எழுந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாவது வருடம் ஒரு பிள்ளை செத்தது. கம்பெனி எல்லோருக்கும் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும் பட்டை கொடுத்திருந்தது. உடம்புச் சூடு சரியாக இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு. சுணங்கிக் கிடந்த தன் மகன் கையில் ஒருத்தி அந்தப் பட்டையை ஒட்டிப் பார்த்தாள். பச்சை. ராத்திரி முழுக்கப் பச்சையாகவே இருந்தது. ஏறினவர்களுக்காகச் செய்த பட்டைக்கு நாற்பத்தொன்றுதான் ஆரோக்கியம். அது ஒரு சின்னப் பிள்ளையின் கையில் ஒட்டியிருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அன்றைக்குப் பெண்கள் பட்டைகளையெல்லாம் பிய்த்து உப்புப் பாத்தியில் எறிந்தார்கள். கூடத்துக்கென்று வைத்திருந்த கண்ணாடித் தெர்மாமீட்டர் நாற்பத்திரண்டுக்கு மேல் தாங்காதது; மின்சாரம் போன ஒரு மத்தியானத்தில் கூரை காய்ந்து அலமாரிக்குள்ளேயே வெடித்துவிட்டது. வேறு கேட்டால் மறுபடி பட்டைகள்தான் வந்தன.

அப்போதுதான் பெண்களுக்கு எப்சிபாவின் ஞாபகம் வந்தது.

எப்சிபா ஏறாதவள். சின்ன வயதிலிருந்தே அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. ஊசி போட்டால் தாங்காது. புருஷன் ஊசிக்கு முந்தைய கோடையில் வரப்பிலேயே போய்விட்டான். பிள்ளை இல்லை. போக இடமும் இல்லாததால் கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். பகலில் அவள் வாசலைத் தாண்ட முடியாது. கூடத்தை ஒட்டிய அறையில் சமைத்து, அங்கேயே தூங்கி, ஜன்னல் வழியாக வெள்ளை வெளேரென்ற அளத்தைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினாள். மற்றவர்கள் அவளைப் பாவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை செத்த மறுநாள் சாயங்காலம் ஒருத்தி வந்து, "கொஞ்சம் கை வச்சுப் பாருக்கா" என்றாள். அப்புறம் எல்லோரும் வந்தார்கள். வாரம் ஒருமுறை குளிர்வண்டியில் வரும் டாக்டர் கார்த்தியாயினிகூட, "எப்சி கை இருக்கும்போது தெர்மாமீட்டர் எதுக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். அவர் வண்டியில் தெர்மாமீட்டர் இருந்தது. ஒன்றை அங்கே விட்டுவிட்டுப் போக அவருக்குத் தோன்றவில்லை, கேட்க இவளுக்கும் தோன்றவில்லை. கைதான் இருக்கிறதே.

பனிமயத்துக்கு மூன்று வயதானபோது அவள் எப்சிபாவின் மடியிலேயே வளர்ந்தவளாக ஆகியிருந்தாள். மத்தியானத் தூக்கம் அந்த மடியில்தான். சாயங்காலம் அம்மா வந்தால் எப்சிபாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிவாள்.

"எங்கிட்ட வரமாட்டேங்கா பாத்தியாக்கா" என்றாள் மரியதங்கம் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"வெளையாட்டுப் பிள்ள. வருவா."

"எங்க வர? தொட்டாலே சுடுதும்மாங்கா. வீட்டுக்குப் போனா ஈரத்துண்ட நடுவுல விரிச்சுத்தான் படுக்கோம். அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். மூணு வருசமா பெத்த பிள்ளையத் துண்டுக்கு அங்கிட்டு வச்சுப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ஒனக்கென்ன, ஒனக்குக் கர்த்தர் நல்ல கையக் குடுத்திருக்காரு."

எப்சிபா தன் சேலையிலிருந்து பிள்ளையின் விரல்களை மெல்ல விடுவித்தாள். இந்தப் பிள்ளையின் மேல் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சின்ன உடம்பு மடியில் சாயும்போது, தான் ஏறாமல் போனதற்கு அவள் மனசுக்குள் நன்றி சொல்லத்தான் செய்தாள். அது பெரிய பாவம் ஒன்றுமில்லை.

ஆடி மாதத் தொடக்கத்தில் பிள்ளைகளிடையே ஒரு விஷக்காய்ச்சல் பரவத் தொடங்கியது. எப்சிபா தன் கையால் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொன்னாள். முதலில் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று, பிறகு மற்றது, பிறகு டிரைவர் வீட்டுப் பையன். அவள் சொன்ன பிள்ளைகளுக்கு ஈரத்துணி போட்டு, மருந்து கொடுத்து, எல்லாம் பிழைத்துக்கொண்டன. அவள் கைமேல் இருந்த நம்பிக்கை இன்னும் இறுகியது. அந்தப் பிள்ளைகளுக்கு ராப்பகலாகத் துணி பிழிந்து போட்டவளும் அவள்தான்.

ஒருநாள் மத்தியானத்திலிருந்து அவளுக்குக் கூடம் குளிர்ந்தது. இயந்திரம் கூடுதலாக ஓடுகிறது என்று நினைத்து முப்பத்தைந்துக்கு மாற்றி வைத்தாள். அப்படியும் தோள்பட்டை வலித்தது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் உருண்டன. சாயங்காலம் முதலில் வந்தவள் மரியதங்கம்.

"இன்னைக்கு உள்ள குளிரே தெரியலியேக்கா" என்று சொல்லி, மாட்டிய ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு என்னமோ முறிச்சுப் போட்டாப்புல இருக்கு தங்கம். இந்த வாண்டுகள்ட்ட இருந்து ஒட்டிக்கிச்சோ என்னமோ. காய்ச்ச இருக்கான்னு தொட்டுப் பாரேன்."

மரியதங்கம் தன் உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"குளுந்துதான் இருக்கு. அலுப்பா இருக்கும். மூணு நாளாத் தூங்காமக் கெடந்தா உடம்பு என்னத்துக்காகும்? வெந்நி வச்சுக் குடிச்சிட்டுப் படு."

எப்சிபாவுக்கு நிம்மதியாக இருந்தது. பனிமயத்தைத் தூக்கினாள். பிள்ளை மறுப்புச் சொல்லாமல் துவண்டு அவள் தோளில் சாய்ந்தது. நெற்றியில் புறங்கையை வைத்தாள். தன் கைக்கும் அந்த நெற்றிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. கூட்டிட்டுப் போ."

மரியதங்கம் பிள்ளையை வாங்காமல் நின்றாள். "நல்லாப் பாருக்கா. கண்ணு ஒரு மாதிரி மினுக்குது."

எப்சிபா இன்னொருமுறை கழுத்திலும் வயிற்றிலும் வைத்துப் பார்த்தாள். அவசரப்படாமல், கையை எடுக்காமல், நன்றாகவே பார்த்தாள்.

"தூக்கக் கலக்கம். மத்தியானம் சரியாத் தூங்கல."

பெற்றவளின் மனசு ஒன்று சொன்னது, எப்சிபாவின் கை வேறொன்று சொன்னது. கையை நம்பித்தானே அந்தக் குடியிருப்பே இருந்தது. மரியதங்கம் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளை அன்றைக்கு அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கவில்லை.

விடிந்து, அளத்துக்குப் போகிற நேரத்தில் சந்தியாகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். வலிப்பு வந்து, நின்று, மறுபடி வந்திருந்தது. பின்னால் மரியதங்கம் செருப்பில்லாமல் வந்தாள். எப்சிபா டாக்டருக்குப் போன் போட்டாள். இருந்த தண்ணீரையெல்லாம் பிள்ளையின்மேல் ஊற்றினார்கள், இயந்திரத்தைக் கடைசிவரை திருகிக் குளிர வைத்தார்கள். ஏறினவர்கள் இருவரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். குளிர்வண்டி வந்து, டாக்டர் பிள்ளையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தபோது நாற்பத்திரண்டை நெருங்கியிருந்தது. அதை முழுசாக வெளியே எடுப்பதற்குள் பனிமயம் போய்விட்டாள்.

மரியதங்கம் அழவில்லை. பிள்ளையை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம்" என்று புருஷனிடம் சொன்னாள். வண்டியின் குளிரில் வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். இருவரும் வெயிலுக்குள் இறங்கி நடந்தார்கள்.

எப்சிபா சுவரோரம் உட்கார்ந்து உதறிக்கொண்டிருந்தாள். பயத்தில் உதறுகிறாள் என்றுதான் டாக்டர் முதலில் நினைத்தார். பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டதும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். குளிர்வண்டியில் வந்து போகிறவருக்கு யாரும் ஊசி போடவில்லை. அவர் கை மனிதக் கை. தெர்மாமீட்டரைத் துடைத்து உதறி அவள் வாயில் வைத்தார்.

"முப்பத்தொன்பதரை" என்றார். "எப்சி, உனக்கு எப்பத்திலேர்ந்து காய்ச்சல்?"

"இல்ல டாக்டரம்மா. நேத்துத் தொட்டுப் பாக்கச் சொன்னேன். குளுந்து இருக்குன்னாளே."

"யார் சொன்னது?"

பெயரைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே எப்சிபாவுக்குப் புரிந்துவிட்டது. டாக்டரும் கீழே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"கை சூடு எவ்வளவுன்னு சொல்லாது எப்சி. ரெண்டுல எது ஜாஸ்தின்னு மட்டும்தான் சொல்லும். அவளுக்கு நீ குளிர்ச்சி. நீ நாப்பதுல கொதிச்சாலும் அவளுக்குக் குளிர்ச்சிதான். உனக்கும் பிள்ளைக்கும் ஒரே காய்ச்சல். அதனால உன் கைக்கு ஒண்ணுமே தெரியலை." பையைத் திறந்து மாத்திரையைத் தேடிக்கொண்டே, "தப்பு உன்மேல இல்லை" என்றும் சொன்னார். யார்மேல் என்று சொல்லவில்லை. தன் தெர்மாமீட்டரை அங்கேயே மேஜையில் வைத்துவிட்டு, மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் மின்சாரம் போயிற்று. வாசல் வழியாகப் புழுக்கம் உள்ளே வந்து நிறைந்தது. பிள்ளைகளை ஈரச்சாக்குக்கு அடியில் படுக்கவைக்க அவள் படாதபாடு பட்டாள். மின்சாரம் திரும்பியபோது மேஜைமேல் கண்ணாடித் தூளும் பாதரசப் பொட்டுகளும் கிடந்தன.

பொழுது சாய்ந்து காற்று இறங்கியதும் அவள் மரியதங்கத்தின் வீட்டுக்கு நடந்தாள். மாத்திரையின் வேகம் தீர்ந்து மறுபடி உடம்பு உளைந்தது. வீட்டு வாசலில் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஃபாதர் டவுனிலிருந்து இருட்டிய பிறகுதான் வர முடியுமாம். அடுத்த கோடைக்கு நாற்பத்துமூன்றுக்கு ஏற்றும் ஊசி வரப்போவதாக ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தியாகு அவர்கள் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் குறுக்கே எதுவும் கேட்கவில்லை.

உள்ளே மரியதங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பனிமயம். கோயில் திருவிழாவுக்கு என்று எடுத்து வைத்திருந்த கவுனைப் போட்டுவிட்டிருந்தாள்.

"வாக்கா. இங்கன பக்கத்துல உக்காரு."

எப்சிபா உட்கார்ந்தாள். தன்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்திருந்தாள்.

"ராத்திரி என்கூடப் படுத்திருந்தாக்கா" என்றாள் மரியதங்கம். "துண்டத் தாண்டி அவளா வந்தா. அம்மா குளிருதுன்னு சொல்லிக்கிட்டே வந்து கழுத்தக் கட்டிக்கிட்டா. நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா. பிள்ளைக்கு என் சூடு பழகிருச்சுன்னு நெனச்சேன். கை மரத்துப்போச்சு, எடுக்கவே இல்ல. எடுத்தா முழிச்சிட்டு அந்தப் பக்கம் போயிருவாளோன்னு பயம். விடிய விடிய அப்படியே வச்சிருந்தேன்."

எப்சிபா சுவரோரம் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள்.

"அப்ப அவ சூடும் என் சூடும் ஒண்ணா இருந்துச்சு. இப்பப் பாரு, பழையபடி ஆயிட்டா. எப்பவும் இப்படித்தான இருப்பா, என் கைக்குக் கொஞ்சம் குளுந்தாப்புல. நீ சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும். கை வச்சுப் பாத்துச் சொல்லு. காய்ச்ச விட்டுருச்சுல்ல?"

இன்னோர் ஊராக இருந்தால் இந்நேரம் அந்த உடம்பு சில்லிட்டிருக்கும். பெற்றவள் எவ்வளவுதான் ஏமாற்றிக்கொண்டாலும் அவள் கை அவளுக்கு உண்மையைச் சொல்லியிருக்கும். இங்கே எதுவும் வீட்டுச் சூட்டுக்குக் கீழே ஆறுவதில்லை. அந்த வீடு முப்பத்தெட்டில் இருந்தது. பிள்ளையும் முப்பத்தெட்டுக்கு வந்து நின்றுவிட்டது. மரியதங்கத்தின் கைக்கு அது உயிரோடு விளையாடிக்கொண்டிருந்த பனிமயத்தின் சூடு. செத்த பிள்ளை செத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளும் வழியைக்கூட அந்த ஊசி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.

எப்சிபா புறங்கையை நெற்றியில் வைத்தாள், பிறகு கழுத்தில், பிறகு கவுனின் மேலாக வயிற்றில். காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்த அவள் கைக்கும் பிள்ளை கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்தது.

"விட்டுருச்சு தங்கம்" என்றாள்.

மரியதங்கம் தலையை ஆட்டிக்கொண்டாள். பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள்.

எப்சிபா எழுந்து வாசலுக்கு வந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. துக்கத்துக்கு வந்த பெண்கள் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் பிள்ளை இருந்தது. அன்றைக்குக் கூடத்து வாசலில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. அந்த வரிசை இங்கே வந்திருந்தது. முன்னால் நின்றவள் தன் மகனை அவள் பக்கம் நீட்டினாள். பையனின் கண்கள் மினுக்கின.

"வேண்டாம்" என்றாள் எப்சிபா. "என் கைய நம்பாதீங்க. எனக்கே காய்ச்ச. நான் சொல்லித்தான் அந்தப் பிள்ள போச்சு."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எட்டி எப்சிபாவின் நெற்றியில் தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"ஒனக்கு ஒண்ணுமில்லக்கா. குளுந்துதான் இருக்கு" என்று சொல்லி, பையனின் தலையை அவள் கைக்கு நேராகச் சாய்த்தாள்.